காலில் ஒரு வளையம்: வழி தவறிய பந்தயப் புறாக்களின் வரலாறு



வகுப்பில் புறா என்று சொன்னால் போதும், பின்வரிசை மாணவன்கூட “சிபிச் சக்கரவர்த்தி, டீச்சர்!” என்று கத்துவான். பருந்துக்குப் பயந்து அடைக்கலம் வந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து வைத்து, அதுவும் போதாமல் தானே தராசில் ஏறிய அரசன் கதை நமக்கெல்லாம் ஆரம்பப்பள்ளியிலேயே பழக்கம். சோழர்கள் அவனைத் தங்கள் குலத்து முன்னோனாகக் கொண்டாடினார்கள். புறநானூற்றில் 37, 39, 43, 46 ஆகிய பாடல்களில் இந்தக் கதையின் குறிப்பு வருகிறது.

இவற்றில் 46ஆம் பாடலை மாணவர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானையின் காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் இடையில் வந்து நிற்கிறார். நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவனுடைய வழியில் வந்தவன் ஆயிற்றே என்று பேச்சை ஆரம்பிக்கிறார். பறவையைக் காப்பாற்றிய பழங்கதை, குழந்தைகளைக் காப்பாற்றும் வாதமாக மாறுகிறது. விவாதக் கட்டுரையில் மேற்கோளை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால், தூது இலக்கியத்துக்கு வந்தால் ஓர் ஆச்சரியம். பிற்காலப் பாட்டியலார் தூது விடத் தகுந்தவை என்று பத்தைச் சொன்னார்கள்: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. எண்ணிப் பாருங்கள், புறா இல்லை! உலகம் முழுக்க உண்மையிலேயே கடிதம் சுமந்த பறவை புறாதான். அதை மட்டும் விட்டுவிட்டார்களே, ஏன்?

என் ஊகத்தைச் சொல்கிறேன். தலைவி அனுப்பும் தூது, அவள் சொல்கிற ஊருக்குப் போக வேண்டும். புறா அப்படிப் போகாது. நீங்கள் எங்கே கொண்டுபோய்ப் பறக்க விட்டாலும் அது தன் வீட்டுக்குத்தான் போகும். அதற்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்றுதான். தூதுப்புறா என்பது போகும் பறவை இல்லை, திரும்பும் பறவை. இந்தக் கட்டுரை முழுவதையும் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வீடு திரும்புவது மட்டுமே தெரிந்த ஒரு பறவை, வீடு திரும்ப முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் நம் பொருள்.

இந்தத் திரும்பும் குணத்தை மனிதன் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறான். அக்பர் புறா பறக்க விடுவதற்கு ‘இஷ்க்பாஸி’ என்று பெயரிட்டார். அதைப் பற்றி ‘அயினி அக்பரி’யில் தனிப் பகுதியே உண்டு. 1850இல் ஜூலியஸ் ராய்ட்டர், தந்திக் கம்பி எட்டாத ஆஹனுக்கும் பிரசல்ஸுக்கும் இடையில் பங்குச் சந்தைச் செய்திகளைப் புறாவில் அனுப்பினார். இன்று நாம் செய்தித்தாளில் பார்க்கும் ராய்ட்டர்ஸ் அவர் தொடங்கியதுதான். 1870–71இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரைச் சுற்றி வளைத்தபோது, உள்ளே இருந்தவர்கள் பலூனில் புறாக்களை வெளியே அனுப்பினார்கள். நுண்படச் சுருளில் பதிந்த கடிதங்களை அவை திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். குளிர்காலம், வல்லூறு, துப்பாக்கிச் சூடு எல்லாம் சேர்ந்து, அனுப்பியவற்றில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை.

புறாப் பந்தயம் பெல்ஜியத்தில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த விளையாட்டு. பிரிட்டனில் 1896இல் இதற்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. இன்று அதன் பெயர் அரச புறாப் பந்தயச் சங்கம். பந்தயம் நடக்கும் முறை எளிது. எல்லாருடைய புறாக்களையும் பெட்டிகளில் ஏற்றி, சில நூறு கிலோமீட்டர் தள்ளி ஓரிடத்தில் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் கூண்டுக்குப் பறக்கும். கூண்டுகள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், முதலில் வந்தது எது என்று பார்க்க முடியாது. தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் கணக்கிடுவார்கள். (கணித ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.)

இதில் நமக்கு முக்கியம் காலில் இருக்கும் வளையம். குஞ்சு பொரித்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்போது, முன்விரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்து, ஒட்டு இல்லாத ஒரு சிறிய வளையத்தை மாட்டுவார்கள். பின்விரலை மெதுவாக இழுத்து விடுவார்கள். சில நாளில் கால் பெருத்துவிடும். பிறகு வெட்டினால்தான் வளையம் வரும். அதில் சங்கத்தின் எழுத்துகள், பிறந்த ஆண்டு, வரிசை எண் ஆகியவை இருக்கும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் இறகின் உட்பக்கத்தில் உரிமையாளரின் தொலைபேசி எண்ணையோ கழகத்தின் பெயரையோ முத்திரையாகக் குத்துவதும் உண்டு. வழி தவறிய புறாவை எவராவது பார்த்தால் தகவல் சொல்லட்டும் என்பதற்குத்தான் இத்தனையும்.

ஏன் வழி தவறுகிறது? சூரியன் இருக்கும் திசை, பூமியின் காந்தப்புலம், மணம், கீழே தெரியும் சாலையும் ஆறும் என்று பலவற்றைக் கொண்டு புறா வழி கண்டுபிடிக்கிறது. இதில் ஏதாவது குழம்பினால் திசை மாறும். புயல், பருந்து, மின்கம்பி, தாகம் எல்லாம் தனி. 1997 ஜூன் 29இல் பிரிட்டிஷ் சங்கத்தின் நூற்றாண்டுப் பந்தயத்துக்காக பிரான்சின் நான்த் நகரில் 60,000க்கும் அதிகமான புறாக்களைத் திறந்துவிட்டார்கள். பெரும்பாலானவை வீடு சேரவில்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த கான்கார்ட் விமானத்தின் அதிர்வலை அவற்றின் திசையறிவைக் குலைத்திருக்கலாம் என்று ஹாக்ஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கம் தந்தார். எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

இனி, திரும்பி வந்த ஒரு புறாவின் கதை. 1942 பிப்ரவரி. நார்வேயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று சேதமடைந்து வடகடலில் விழுந்தது. நால்வர் உள்ளே. உறையவைக்கும் தண்ணீர். தாங்கள் விழுந்த இடம் எது என்று சரியாகச் சொல்லி அனுப்ப அவர்களுக்கு வழியில்லை. அந்தக் காலத்தில் விமானங்களில் அவசரத்துக்கென்று புறாக்களை எடுத்துப் போவார்கள். அவற்றுள் ஒரு பெட்டைப் புறா, இறகெல்லாம் எண்ணெய் படிந்த நிலையில், ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பறந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு அருகே இருந்த தன் கூண்டுக்கு வந்து சேர்ந்தது.

அதன் காலில் கடிதம் எதுவும் இல்லை. இதுதான் இந்தக் கதையின் சிறப்பு. வளர்த்தவர் புறாவைப் பார்த்தார், அடையாளம் கண்டார், உடனே விமானத் தளத்துக்குச் சொன்னார். அங்கிருந்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: விமானம் விழுந்த நேரம், புறா வந்த நேரம், காற்றின் திசை, எண்ணெய் படிந்த இறகோடு அது எவ்வளவு வேகத்தில் பறந்திருக்கும்? தேடும் இடத்தை மாற்றினார்கள். தேடப் போன விமானம் கால் மணி நேரத்துக்குள் அந்த நால்வரையும் கண்டுபிடித்தது. பிறகு அந்தப் புறாவுக்கு விருந்து வைத்து விங்கி என்று பெயரிட்டார்கள். 1943 டிசம்பர் 2இல், போரில் உதவிய விலங்குகளுக்கான டிக்கின் பதக்கத்தை முதன்முதலில் பெற்ற மூன்று புறாக்களில் விங்கியும் ஒன்று. இந்தப் பதக்கத்தை மொத்தம் 32 புறாக்கள் பெற்றிருக்கின்றன.

பதக்கப் பதிவில் விங்கியின் வளைய எண்ணும் இருக்கிறது: என்.இ.எச்.யு. 40 என்.எஸ். 1. நடுவில் உள்ள 40 என்பது 1940ஐக் குறிக்கும். இரண்டு வயதுகூட நிரம்பாத பறவை என்று அந்த ஓர் எண்ணிலிருந்தே தெரிந்துகொள்கிறோம். வரலாற்றுச் சான்றை வாசிப்பது என்றால் இதுதான். பாடநூலில் வரும் கல்வெட்டானாலும் சரி, காசானாலும் சரி, இதே மாதிரிதான் வாசிக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் ஒடிசா காவல்துறை 1946இல் இராணுவத்திடமிருந்து 200 புறாக்களைப் பெற்றுத் தூதுப்புறாப் பிரிவைத் தொடங்கியது. முதலில் கோராபுட் மாவட்டத்தில்; பிறகு கட்டாக் தலைமையிடமானது. 1948இல் சம்பல்பூரிலிருந்த நேரு, கட்டாக்கில் இருந்தவர்களுக்குப் புறாவில் செய்தி அனுப்பினார். 1982 வெள்ளத்திலும் 1999 பெரும்புயலிலும் தொலைபேசி செத்துக் கிடந்தபோது புறாக்கள்தான் கை கொடுத்தன. தமிழ்நாட்டில் சென்னையின் மொட்டைமாடிகளில் கர்ணப் புறா, ஹோமர் புறா என்று இருவகை வளர்க்கிறார்கள். கர்ணப் புறாவில் எவ்வளவு நேரம் வானத்தில் நிற்கிறது, எப்படிக் கரணம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஹோமர் தூரப் பந்தயத்துக்கு. 2015இல் வந்த ‘மாரி’ படத்தில் தனுஷ் கையில் பார்த்தோமே, அந்த உலகம்தான். நம் நாட்டிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தாரும் வளர்க்கிறார்கள். தோட்டத்து லயத்தின் பின்புறம் மரப்பெட்டியில் வளர்த்த புறாக்களைப் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது விங்கிக்கு நேர்மாறான ஒரு கதை. 2023 மே மாதம், மும்பை செம்பூரில் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் ஒரு புறா பிடிபட்டது. காலில் இரண்டு வளையம். இறகின் அடியில் சீன எழுத்துப் போல ஏதோ எழுதியிருந்தது. அவ்வளவுதான், உளவு பார்க்க வந்த பறவை என்று காவல்துறை வழக்குப் பதிந்தது. புறாவைப் பரேலில் உள்ள பழைய கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பிக் கூண்டில் வைத்தார்கள். விசாரணையில் உண்மை வெளியே வந்தது. அது தைவானைச் சேர்ந்த பந்தயப் புறா. தைவானில் கடற்பந்தயம் பிரபலம். கப்பலில் நடுக்கடலுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள், கரைக்குப் பறந்து வர வேண்டும். ஏராளமான புறாக்கள் கரை சேர்வதில்லை. இது அப்படித் தப்பிய ஒன்று. உளவுக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். ஆனால் புறாவை விட மறந்துவிட்டார்கள்! மருத்துவமனை கடிதம் எழுதி, விலங்கு நல அமைப்பான பீட்டா தலையிட்டு, 2024 ஜனவரி 30இல்தான் அதற்கு விடுதலை. எட்டு மாதம்.

இறகில் இருந்த எழுத்து, ஒளித்து வைத்த இரகசியம் கிடையாது. எவராவது படிக்கட்டும் என்று குத்திய முத்திரை. படிக்கத் தெரியாதவர்கள் கையில் அதுவே குற்றச்சாட்டு ஆகிவிட்டது. 2020 மே மாதம் ஜம்முவின் கத்துவா மாவட்டத்தில் எல்லையோரக் கிராமத்தில் பிடிபட்ட புறாவுக்கும் இதே கதிதான். காலில் எண் இருந்தது. இரகசியக் குறியீடு என்று பேச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், அது என் புறா, நோன்புப் பெருநாளுக்குப் பறக்க விட்டேன், காலில் இருப்பது என் கைப்பேசி எண் என்றார். ஒருமுறை அழைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நல்லவேளை, சில நாளில் விட்டுவிட்டார்கள்.

அதற்காக வளையம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. 2020 டிசம்பர் 26இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் களைத்துப்போன புறா ஒன்று வந்து உட்கார்ந்தது. காலில் அமெரிக்க வளையம். எண்ணைத் தேடிப் பார்த்தால், அக்டோபரில் ஓரிகன் மாநிலப் பந்தயத்தில் காணாமல் போன புறா என்று வந்தது. பசிபிக்கைத் தாண்டி 13,000 கிலோமீட்டர்! ஜோ என்று பெயர் வைத்தார்கள். உலகமே வியந்து கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலிய அதிகாரிகள் வேறு கணக்குப் போட்டார்கள். அயல்நாட்டுப் பறவை நோயைக் கொண்டு வரும், ஆகவே கொல்ல வேண்டும். அடுத்த சில நாளில் அமெரிக்கச் சங்கம் மறுபடி ஆராய்ந்து, வளையம் போலி என்று அறிவித்தது. அந்த எண்ணுக்கு உரிய உண்மையான புறாவின் நிறமே வேறு. ஜோ பெரும்பாலும் உள்ளூர்ப் புறாதான் என்று முடிவாகி உயிர் பிழைத்தது. எண்ணை மட்டும் பார்த்தபோது சாகவிருந்த பறவை, எண்ணோடு நிறத்தையும் ஒப்பிட்டபோது பிழைத்தது. ஒரே சான்றை வைத்துக்கொண்டு முடிவு எழுதும் மாணவர்களுக்கு நான் ஜோவின் படத்தைத்தான் காட்டுகிறேன்.

மஸ்ஜித் தானாவில் எங்கள் பள்ளிக்கும் ஒருநாள் விருந்தாளி வந்தது. மலாக்கா நீரிணைக் கரை பக்கம்தானே, கடற்காற்றில் அலைக்கழிந்து வந்திருக்கலாம். நான்காம் படிவ வகுப்பின் நடைவழியில் சுவரோரம் ஒடுங்கி நின்றது. “டீச்சர், காலுல ஏதோ மாட்டியிருக்கு, ஸ்பை புறாவா இருக்குமோ?” என்றான் ஒருவன். மும்பைச் செய்தி அவனுக்கும் எட்டியிருக்கிறது! அட்டைப்பெட்டியில் துளை போட்டு உள்ளே வைத்தோம். எண்ணைப் படம் எடுத்து, புறா வளர்க்கும் ஒரு மாணவனின் அப்பாவுக்குப் புலனத்தில் அனுப்பினேன். லோரி ஓட்டுபவர்; மாலையே வந்துவிட்டார். தன் நண்பர்கள் குழுவில் கேட்டு, அன்று இரவே உரிமையாளரைக் கண்டுபிடித்தார். பக்கத்து மாநிலத்துக்காரர்.

அவர் சொன்ன பதில்தான் நாங்கள் எதிர்பார்க்காதது. வழி தவறும் புறா எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “அவருக்கே வேணாம்னா, நாம எங்க டீச்சர் அனுப்புறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. பந்தய உலகத்தில் இது அபூர்வம் இல்லை என்று லோரிக்கார அண்ணன் சொன்னார். தோற்ற புறாவைத் தேடிப் போய் அழைத்து வருபவரும் உண்டு, கணக்கில் கழித்துவிடுபவரும் உண்டு. அவரே அதைத் தன் கூண்டில் சேர்த்துக்கொண்டார். ஒரு மாதம் நன்றாகத் தீனி போட்டார், பழகிவிட்டது என்று நினைத்துத் திறந்து விட்டார். அது அவர் கூண்டுக்குத் திரும்பவே இல்லை. எங்கே போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முதலில் சொன்னேனே, அதற்குத் தெரிந்த முகவரி ஒன்றுதான்.

உங்கள் பள்ளிக்கோ வீட்டுக்கோ இப்படி ஒரு புறா வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். முதலில் தண்ணீர். புறா மற்றப் பறவைகளைப் போல அலகை நிமிர்த்திக் குடிக்காது, அலகை முக்கி உறிஞ்சும். ஆகவே இரண்டு விரல்கடை ஆழமாவது உள்ள கிண்ணம் வையுங்கள். பிறகு சோளம், பச்சைப் பயறு, அரிசி. ரொட்டி வேண்டாம். பூனை நெருங்காத, காற்று வரும் பெட்டியில் வையுங்கள். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள். காயம் இருந்தால் நாமே மருந்து போடாமல், மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தையோ தனியார் கால்நடை மருத்துவரையோ கேட்பது நல்லது. வளையத்தை வெட்டாதீர்கள். எழுத்து, ஆண்டு, எண் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். இறகின் உட்பக்கத்தையும் விரித்துப் பாருங்கள், தொலைபேசி எண் இருந்தாலும் இருக்கும். உங்கள் வட்டாரத்தில் புறா வளர்ப்பவர் ஒருவரிடம் படம் போய்ச் சேர்ந்தால் போதும், அவர்களுக்குள் செய்தி வேகமாகப் பரவும்.

பெரும்பாலான புறாக்களுக்குக் களைப்புதான் நோய். ஒருநாள், இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் தெம்பு வந்துவிடும். மழை இல்லாத காலை நேரமாகப் பார்த்துத் திறந்த திடலில் பெட்டியை வைத்து மூடியை எடுங்கள். கையால் மேலே தூக்கி எறிய வேண்டாம். சில புறா உடனே எழும்பும், சில கூரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் யோசிக்கும். பிறகு இரண்டு மூன்று வட்டம் அடித்துவிட்டு ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு போகும்.